அச்சத்துக்கு அப்பால் ஒரு துயரம்

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்போர் கற்றோரிடையே பலர் உளர். சிறுவர் உள்ளத்தில் அச்சத்தை விதைக்கும், பெரியோர் உள்ளத்தில் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை நாம் அடியோடு தள்ளிவிடுவதற்கில்லை. மலிவான அட்டைக்குள் வரும் மாயமந்திரக் கதைகளிற் பெரும்பாலானவை அந்தப் பழிக்கு உரியனவே. ஆயினும், எழுதத் தெரிந்த ஒருவரின் கையில் அகப்படும்போது அதே கதை நம்மை வெருட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. வெருட்டியபின் சற்று நேரம் நம்மை அமைதியாக இருக்கச் செய்கின்றது. பின்னர் எதையோ எண்ணி வருந்தச் செய்கின்றது. அத்தகைய நூலொன்றை இவ்வாரம் வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

நூலின் பெயர் 'குவாய்டான்'. யப்பானிய மொழியில் விந்தைக் கதைகள், ஆவிக் கதைகள் என்பது பொருள். ஆங்கிலத்தில் எழுதப்பெற்று 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் லவ்காடியோ ஹேர்ண். அதே ஆண்டு செப்தெம்பர் 26ஆந் திகதி, தமது 54ஆவது வயதில், அவர் ரோக்கியோவிற் காலமானார். பதினேழு கதைகளும், வண்ணத்துப்பூச்சி, நுளம்பு, எறும்பு ஆகியவற்றைப் பற்றிய மூன்று கட்டுரைகளும் அடங்கிய சிறு நூல் இது. எல்லாக் கதைகளும் ஒரே தரத்தன அல்ல என்பதை முதலிலேயே கூறிவிடுகின்றோம். சில கதைகள் உலக இலக்கியத்தில் நிலைத்து நிற்பவை; சில, பாதி வழியில் நின்றுவிட்டவை. இந்த மேடுபள்ளம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதும் ஒரு பயனுள்ள படிப்பே.

நாடற்ற பிள்ளை

ஹேர்ணின் வாழ்க்கையே ஒரு துயரக் கதை. கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் 1850ஆம் ஆண்டில், அயோனியக் கடலிலுள்ள லெவ்காடா என்ற தீவிற் பிறந்தார். தீவின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. தந்தையார் பிரித்தானியப் படையின் மருத்துவர். குழந்தை டப்ளின் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் குளிரையும் அந்நிய முகங்களையும் தாங்கமாட்டாத தாய், பிள்ளைக்கு நான்கு வயதாக இருக்கும்போது தன் நாட்டுக்குத் திரும்பினாள். அதன்பின் தாயும் மகனும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. தந்தை வேறொரு திருமணஞ் செய்து இந்தியாவுக்குப் போய்விட்டார். வயது முதிர்ந்த உறவுப் பெண் ஒருவரின் வீட்டிற் பிள்ளை வளர்ந்தது. இரவில் இருட்டறையிலே தனியே விட்டுக் கதவைச் சாத்துவார்கள் என்றும், அங்கே பேயுருவங்கள் தன்னைத் தொட வருவதாக எண்ணி நடுங்கியதாகவும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கின்றார். பதினாறாவது வயதிற் பள்ளி விளையாட்டிலே நேர்ந்த விபத்தால் இடக்கண் பார்வையை இழந்தார். பத்தொன்பதாவது வயதிற் கையிற் காசின்றி அமெரிக்கா சென்று, சின்சினாற்றியிலும் நியூ ஓர்லியன்சிலும் பத்திரிகையாளராகப் பிழைத்தார்.

1890ஆம் ஆண்டில், நாற்பதை எட்டும் பருவத்தில், யப்பானுக்கு வந்தார். மற்சூயே என்னும் சிறு நகரில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே கொய்சுமி செற்சு என்ற பெண்ணை மணந்தார். 1896இல் யப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, 'கொய்சுமி யாக்குமோ' ஆனார். அதே ஆண்டு முதல் 1903 வரை ரோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தார். அவர் விலக்கப்பட்டபின் அந்த இடத்துக்கு வந்தவர், பின்னாளில் யப்பானின் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நற்சுமே சோசெக்கி.

தாயைத் தேடி அலைந்த ஒரு பிள்ளை, தனக்கென ஒரு வீட்டைக் கண்டடைந்தபின் எழுதிய நூல் இது என்பதை மனத்திற் கொண்டு படித்தால், இதன் கதைகளிற் பிரிந்து செல்லும் பெண்கள் ஏன் இத்தனை பேர் என்பது விளங்கும்.

காதில்லாப் பாடகன்

நூலின் முதற் கதையே தலைசிறந்த கதை. 1185ஆம் ஆண்டில், டான்-நோ-ஊரா என்னும் கடற்றுறையில், ஹெய்கே குலத்தவர் கென்ஜி குலத்தவரோடு பொருது தோற்றனர். ஆடவர் மட்டுமல்லர், பெண்டிரும் பிள்ளைகளும், ஆறே வயதான அன்ரோக்கு என்னும் சிறுவர் சக்கரவர்த்தியும் அக்கடலில் மாண்டனர். அக்கரையிலே பிடிபடும் நண்டுகளின் முதுகில் மனித முகம் தெரியும் என்றும், அவை மாண்ட வீரரின் ஆவிகள் என்றும் மக்கள் சொல்லிவந்தனர்.

அந்தக் கரையோரத்துப் பௌத்த ஆலயம் ஒன்றிலே ஹொய்ச்சி என்ற குருட்டுப் பாடகன் வாழ்கின்றான். பீவா என்னும் யாழ்வகை வாத்தியத்தை மீட்டி ஹெய்கே குலத்தின் வீழ்ச்சியைப் பாடுவதில் அவனுக்கு நிகரில்லை. ஓரிரவு ஒரு போர்வீரன் வந்து, தன் தலைவர் பாட்டுக் கேட்க விரும்புகின்றார் என்று அவனை அழைத்துச் செல்கின்றான். பெரியதோர் அரண்மனை, கூடியிருப்போர் பலர். கடற்போரைப் பாடும்படி பணிக்கின்றனர். குழந்தையை அணைத்தபடி பாட்டி கடலிற் பாயும் கட்டத்தை அவன் பாடியதும், சபை முழுவதும் வாய்விட்டு அழுகின்றது. மூன்றாம் நாள் இரவு அவனைத் தேடிச் சென்ற ஆலயப் பணியாளர் காண்பது என்ன? கொட்டும் மழையில், இடுகாட்டிலே, அன்ரோக்குவின் கல்லறைக்கு முன் தன்னந்தனியே அமர்ந்து அவன் பாடிக்கொண்டிருக்கின்றான்.

அவனைக் காக்க விரும்பிய குருக்கள், அவனுடைய உடலெங்கும் புனித சூத்திரத்தை எழுதுவிக்கின்றார். எழுத்துள்ள இடம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுகளில் எழுத மறந்துவிடுகின்றனர். இரவில் வந்த ஆவி, இருளில் மிதக்கும் இரண்டு காதுகளை மாத்திரம் கண்டு, அவற்றைப் பிய்த்தெடுத்துச் செல்கின்றது. ஹொய்ச்சி ஒரு முனகலுமின்றிப் பொறுத்துக்கொள்கின்றான்.

இந்தக் கதையில் நம்மை நடுங்கச் செய்வது காதறுந்த இரத்தம் என்று எண்ணலாம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது அன்று என்பது தெரிகின்றது. மாண்டோர் பாடகனைத் தேடி வந்தது எதற்காக? பழிவாங்கவா? இல்லை. தங்கள் கதையைத் தாங்களே ஒரு முறை கேட்க வேண்டும், கேட்டு அழ வேண்டும் என்பதற்காக. எழுநூறு ஆண்டுகளாகியும் அந்த அழுகை முடியவில்லை. தங்கள் இழப்பை உள்ளபடி சொல்ல ஒரு குரல் கிடைக்குமா என்று இறந்தோரும் ஏங்குவர் என்னும் எண்ணத்தைவிடத் துயரமான எண்ணம் வேறென்ன இருக்கின்றது? எதையேனும் இழந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பனிப்பெண்

'யூக்கி-ஒன்னா' என்பது இரண்டாவது மணி. பனிப்புயலில் ஓடக்காரன் குடிசையில் ஒதுங்கிய இரு விறகுவெட்டிகளிடம் வெண்ணிறப் பெண்ணொருத்தி வருகின்றாள். முதியவன் மீது மூச்சை ஊதுகின்றாள். அவன் உறைந்து இறக்கின்றான். பதினெட்டு வயது மினொகிச்சியின் இளமைக்கு இரங்கி, அவனை விட்டுவிடுகின்றாள். ஆனால், கண்டதைப் பெற்ற தாயிடம் சொன்னாலுங்கூடக் கொன்றுவிடுவேன் என்று எச்சரிக்கின்றாள். அடுத்த ஆண்டு அவன் வழியிற் சந்தித்த ஒரு பெண்ணை மணக்கின்றான். பத்துப் பிள்ளைகள் பிறக்கின்றன. ஊர்ப்பெண்கள் எல்லோரும் முதுமையடைய, அவள் முகம் மாத்திரம் மாறவில்லை. ஓரிரவு விளக்கொளியிலே தையல் வேலை செய்துகொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து, அன்றிரவின் கதையை அவன் சொல்லிவிடுகின்றான். அவள்தான் அவள்! உறங்கும் பிள்ளைகளை முன்னிட்டு அவனைக் கொல்லாமல் விடுகின்றாள். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று சொல்லி, வெண்மூடுபனியாகிக் கூரையின் புகைத்துளை வழியே மறைகின்றாள்.

கதை இங்கே முடிந்துவிடுகின்றது. ஆனால் படிப்பவர் நெஞ்சில் ஒரு வினா முடியாமல் நிற்கின்றது. கணவன் செய்த குற்றம் யாது? அவன் பகைவரிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னான். அன்பின் மிகுதியால், மறைக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையால் சொன்னான். அந்த நம்பிக்கையே குடும்பத்தைக் கலைத்தது. நான்கு வயதிற் தாயைப் பறிகொடுத்த ஒருவர், பத்துக் குழந்தைகளை விட்டு ஒரு தாய் போவதை இத்தனை சுருக்கமாக எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. அவள் மீது அவர் ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை.

மறைந்த கடிதம்

இவற்றுக்கு அடுத்தபடியாக நாம் போற்றுவது, இறந்த பெண்ணின் இரகசியத்தைக் கூறும் குறுங்கதை. ஓ-சோனோ என்ற இளந்தாய் இறந்தபின், இரவுதோறும் தன் அறைக்கு வந்து, உடுப்புகள் வைக்கும் பெட்டகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்றாள். உடைகளை எல்லாம் எடுத்து ஆலயத்துக்குக் கொடுத்தும் அவள் வருகை நிற்கவில்லை. முதிய குரு ஒருவர் தனியே அங்கு விழித்திருந்து, இழுப்பறைகளின் அடித்தாள்களை உரித்துப் பார்க்கின்றார். கடைசியிழுப்பின் அடியில் ஒரு கடிதம். மணத்துக்கு முன் அவள் கல்வி பயின்ற காலத்தில் அவளுக்கு வந்த காதற்கடிதம். அதனை எரித்துவிடுவதாகவும், எவரும் படிக்கப் போவதில்லை என்றும் அவர் வாக்களிக்கின்றார். அவள் முறுவலித்து மறைகின்றாள், பிறகு வரவேயில்லை. குருவும் அந்த இரகசியத்தைத் தம்முடனேயே கொண்டு சென்றார்.

இதிலே பேயை விரட்ட மந்திரமில்லை, வேப்பிலையில்லை. ஒரு பெண்ணின் மானத்தைக் காத்த ஒரு மனிதரின் பண்பாடே பேயை அமைதிப்படுத்துகின்றது. மாணாக்கர் இக்கதையைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனாலேயே.

சறுக்கிய இடங்கள்

இனிக் குறைகளைக் கூறுவோம். தனக்குப் பதிலாகத் தன் உயிரை ஈந்து இன்னொன்றை வாழவைக்கும் கதை இந்நூலில் இரண்டு முறை வருகின்றது. ஒன்று செவிலித்தாயைப் பற்றியது, மற்றது பட்டுப்போன செர்ரி மரத்தைக் காத்த முதிய வீரரைப் பற்றியது. முதலாவதைப் படித்தவர்க்கு இரண்டாவது வியப்பளிப்பதில்லை. கண்ணாடியும் மணியும் பற்றிய கதையோ கதையாகவும் இல்லை, ஆராய்ச்சியாகவும் இல்லை. உச்சக்கட்டத்தில் ஆசிரியர் விளையாட்டாகக் கதவைச் சாத்திவிடுகின்றார். கழுத்தினின்று தலை கழன்று பறக்கும் பூதங்களின் கதை விறுவிறுப்பானது. ஆனால் படித்து முடித்ததும் மறந்துபோவது. 'முஜினா' என்ற முகமில்லாப் பேயின் கதை மிகச் சிறியது. இரண்டு தரம் திடுக்கிடச் செய்கின்றது, அவ்வளவே. ஆயினும் இரவில் உரக்கப் படிக்க அதற்கு ஈடில்லை.

பூச்சிகளைப் பற்றிய கட்டுரைகளில் நுளம்பைப் பற்றியது நகைச்சுவையும் ஆழமும் உடையது. இடுகாட்டு நீர்க்கலங்களில் நுளம்பு பெருகுகின்றது. அதனை ஒழிக்க வேண்டுமாயின் முன்னோரின் இடுகாட்டையே கெடுக்க வேண்டிவரும் என்பது அவர் காணும் சிக்கல். எறும்பைப் பற்றிய கட்டுரையை மாத்திரம் நாம் ஏற்பதற்கில்லை. தன்னலம் என்பதே அற்ற எறும்புச் சமூகத்தை வியந்து, மனிதகுலமும் ஒருநாள் அந்நிலையை எய்தலாம் என்று கனவு காண்கின்றார் ஆசிரியர். அவருடைய கதைகளே இதற்கு மறுமொழி கூறிவிடுகின்றன. எறும்புப் புற்றிலே ஓ-சோனோவின் கடிதத்துக்கு இடமேது? ஹொய்ச்சியின் பாட்டை அழுது கேட்பார் யார்? ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு துயரத்தைச் சுமப்பதாலன்றோ இக்கதைகள் பிறந்தன!

கதை சொன்னவர் யார்?

இந்நூலை எழுதியவரைப் பற்றிச் சொன்னோம். இக்கதைகளைச் சொன்னவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஹேர்ண் பதினான்கு ஆண்டுகள் யப்பானில் வாழ்ந்தும், பழைய யப்பானிய நூல்களைத் தாமாகவே எளிதிற் படிக்கும் புலமையை அடைந்தாரில்லை. அந்நூல்களைத் தேடி வாங்கிப் படித்து அவருக்குச் சொன்னவர் மனைவி செற்சு. 1868இல், நலிந்துபோன சாமுராய்க் குடும்பத்திற் பிறந்தவர் அவர். கணவனும் மனைவியும் தமக்கென ஆக்கிக்கொண்ட ஓர் எளிய, உடைந்த யப்பானிய மொழியிலேயே பேசிக்கொண்டனர்.

கணவர் மறைந்தபின் செற்சு எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த இரவுகளைப் பற்றிச் சொல்கின்றார். விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டுக் கதை சொல்வாராம். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் சொல்லிலே, உன் எண்ணத்திலே சொல் என்று கணவர் வற்புறுத்துவாராம். கதையை உள்வாங்கச் செற்சு படும் பாடு கனவிலும் வந்து தொல்லை தந்ததாம். ஹொய்ச்சியின் கதையை எழுதிய நாட்களில், இருள் சூழ்ந்த பின்னும் கணவர் விளக்கேற்றாமல் இருப்பாராம். மனைவி அடுத்த அறையிலிருந்து மெல்ல 'ஹொய்ச்சி' என்று அழைத்தால், தாம் குருடர் என்றும் அழைப்பவர் யார் என்றும் உள்ளிருந்து மறுமொழி வருமாம்.

நூலின் முன்னுரையிலே கதைகளுக்கு மூலமான பழைய நூல்களின் பெயர்கள் இருக்கின்றன. பனிப்பெண்ணின் கதையைச் சொன்ன முசாஷி நாட்டுக் கமக்காரன் ஒருவனும் அங்கே குறிக்கப்படுகின்றான். செற்சுவின் பெயர் இல்லை. அக்காலத்து வழக்கம் அது என்று நாம் அமைதி காணலாம். மனம் அமைதி காண்பதில்லை. செற்சு 1932இற் காலமானார். யப்பானிய ஒலிபரப்பு நிறுவனம் 2025ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கையைத் தழுவித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்கியது. நூல் வெளிவந்து நூற்றிருபது ஆண்டுகள் கடந்தபின் கதைசொல்லியின் முகத்தை அவருடைய நாடு திரும்பிப் பார்த்தது.

நூலின் தரம் ஏறியிறங்குவதன் காரணமும் இங்கேதான் இருக்கின்றது என்பது நமது கருத்து. பேசுங்குரல் ஒன்று அடியிலே ஒலிக்கும் கதைகள் உயர்ந்து நிற்கின்றன. ஏட்டுக் குறிப்பும் விளக்கமும் மேலோங்கும் கதைகள் தளர்ந்துவிடுகின்றன. கண்ணாடி-மணிக் கதையில் ஆசிரியர் பேசுகின்றார். ஹொய்ச்சியின் கதையிலோ தாழ்ந்த விளக்கருகே யாரோ பேச, அவர் மூச்சையடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். கேட்டு எழுதியவை வாழ்கின்றன.

எவ்வாறு படிப்பது?

ஹொய்ச்சி, பனிப்பெண், இறந்தவளின் இரகசியம் ஆகிய மூன்றையும் முதலிற் படிக்குமாறு மாணாக்கர்க்குச் சொல்வோம். ஆங்கிலம் எளியது, தெளிந்தது. வாக்கியம் அமைக்கக் கற்போர்க்கு நல்ல முன்மாதிரி. பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் இணையத்திலே பொருட்செலவின்றிக் கிடைக்கின்றது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காதறுந்த கதையையும் தலை பறக்கும் கதையையும் சற்றுப் பொறுத்துக் கொடுப்பது நன்று. மசாக்கி கொபயாஷி 1964ஆம் ஆண்டில் இதே பெயரில் எடுத்த திரைப்படத்தின் நான்கு கதைகளில் இரண்டு இந்நூலுக்குரியவை. ஏனையவை ஹேர்ணின் வேறு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிற் சிறப்புப் பரிசு பெற்ற அப்படத்தையும், நூலைப் படித்த பின்னரே பார்த்தல் நலம்.

பெரியோர்க்கு ஒரு சொல். நம் வீடுகளிலும் அம்மம்மாவும் அப்பாச்சியும் முனியையும் மோகினியையும் பற்றிச் சொல்லும் கதைகள் இருக்கின்றன. அவற்றை மூடநம்பிக்கை என்று வாயடைத்துவிடாதீர்கள். நம்புவது வேறு, கேட்பது வேறு. பிள்ளைகள் கேட்கட்டும், இயன்றால் எழுதி வைக்கட்டும். எழுதும்போது, கதையின் அடியிலே சொன்னவரின் பெயரையும் மறவாமல் எழுதச் சொல்லுங்கள்.